22 பேருக்கு ஈஸ்டர் விருந்து: மெனு போடும் முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்

2022-ல் ஈஸ்டர் ஏப்ரல் 17-ம் தேதி வந்தது. கொரோனாவால் அதற்கு முந்தைய இரண்டு வருடமும் எங்கள் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. அந்த வருடம் எல்லாரும் பாளையங்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்கே வருவதாக முடிவானது. நாற்பது வருடமாக அந்த அடுப்படியை ஆண்ட அத்தைக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதனால் சமையல் என் பொறுப்பு. நான் நன்றாகச் சமைப்பேன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. ஆறு பேருக்குச் சமைப்பது வேறு, 22 பேருக்குச் சமைப்பது வேறு என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. அன்றைக்கு நான் அழுத அழுகையும், கொட்டிய சோறும், வீணான காசும் இன்னொரு வீட்டில் நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறு அன்றே நடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "ஈஸ்டருக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் பதில் எப்படி வரும்? மதினி வீட்டுக்கு மட்டன் பிரியாணி. பிள்ளைகளுக்குச் சிக்கன் 65. கொழுந்தனுக்கு ஆப்பமும் தேங்காய்ப்பாலும். மாமாவுக்கு மீன், ஏனென்றால் உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் சீஷர்களுக்குக் கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார் என்று யோவான் 21-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் மாமா வருடாவருடம் மீன் கேட்பார். நான் எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாற்பது நாளும் கறி தொடாமல் இருந்தவர்கள் ஆசையாய்க் கேட்கும்போது மறுக்க மனசு வரவில்லை. முடிவில் எட்டுப் பண்டம் சேர்ந்துவிட்டது: காலையில் ஆப்பம், தேங்காய்ப்பால், கறிக்குழம்பு; மத்தியானம் பிரியாணி, சிக்கன் 65, மீன் பொரிப்பு, பச்சடி, சேமியா பாயசம்.

கேட்க வேண்டிய கேள்வி "என்ன சாப்பிட மாட்டீங்க?" என்பதுதான். அதற்கு வரும் பதில் மெனுவைச் சுருக்கும். சர்க்கரை இருப்பவர் யார், காரம் ஆகாதவர் யார், கறி தொடாதவர் யார் என்று தெரிந்துவிட்டால் மீதியை நாம் முடிவு செய்யலாம். தலையை எண்ணும்போதும் 22 என்று எண்ணக்கூடாது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு அரை இலை, எழுபது தாண்டியவர்களுக்கு அரை இலை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் 14, பிள்ளைகள் 6, முதியவர்கள் 2. ஆக 18 இலை. இந்தக் கணக்கைப் போடாமல், குறைந்துவிடுமோ என்ற பயத்தில் 28 பேருக்கு வாங்கினேன்.

மீனில் கை சுட்டது இப்படி. ஈஸ்டர் ஒரே தேதியில் வருவதில்லை. மார்ச் 21-லோ அதற்குப் பின்னோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. அதனால் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2022-ல் தடை தொடங்கி மூன்றாம் நாள் ஈஸ்டர். தூத்துக்குடியிலிருந்து வரும் பெரிய சீலா (வஞ்சிரம்) மார்க்கெட்டில் அரிதாகிவிட்டது. கிடைத்ததற்குக் கிலோ 1,100 ரூபாய் கொடுத்தேன், இரண்டரைக் கிலோ. ஈஸ்டர் ஏப்ரல் பாதிக்கு மேல் வருகிற வருடம் என்றால் மெனுவில் சீலாவையே எழுதாதீர்கள். நாட்டுப்படகில் பிடிக்கிற சாளை, பாறை மாதிரி எது அன்றைக்குக் கிடைக்கிறதோ அதை வாங்கிக் குழம்பு வையுங்கள். மீன்குழம்பு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தேங்காய் சேர்க்காமல் புளி மட்டும் ஊற்றி வைத்த குழம்பை முந்தைய நாளே வைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அடுத்த நாள் ருசி கூடத்தான் செய்யும். பொரிப்பதென்றால் ஒரு தோசைக்கல்லில் ஆறு துண்டு, ஒரு ஈடுக்குப் பத்து நிமிஷம், அதுவும் பந்தி உட்காரும் அதே நேரத்தில்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆப்பத்துக்கு மாவு ஆட்டினேன். பச்சரிசி மூன்று பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, உளுந்து கால் பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். அளவில் குறை இல்லை, நேரத்தில்தான் குறை. ஏப்ரலில் நம் ஊர் ராத்திரியே வெக்கையாக இருக்கும். கிரைண்டர் சூட்டோடு எடுத்த மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். நான் ஆப்பம் சுட ஆரம்பித்தது மறுநாள் ஆறரைக்கு, பதினாலரை மணி நேரம் கழித்து. மாவு பொங்கி வழிந்து, தரை முழுக்கப் புளித்த வாடை. சர்க்கரையைப் போட்டும் பார்த்தேன், தேங்காய்ப்பாலை ஊற்றியும் பார்த்தேன், புளிப்பு அடங்கவில்லை. வெயில் காலத்தில் ஆப்ப மாவை ராத்திரி பத்து மணிக்கு, ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்ட வேண்டும். முன்னதாகவே ஆட்டியாக வேண்டும் என்றால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, படுக்கப் போகும்போது வெளியே எடுக்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு நிரப்பவும் கூடாது.

ஞாயிறு விடியல் ஆராதனை நாலு மணிக்கு. இரண்டரைக்கு எழுந்து சிக்கனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன், பத்துத் தேங்காய் துருவ வேண்டியிருந்தது. மூன்றே முக்காலுக்கு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். "நீங்க போங்க, நான் வந்துடுறேன்" என்றேன். போகவில்லை, போக முடியவில்லை. கரண்ட் வெளிச்சத்தில் துருவலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது ஊசிக்கோபுரக் கோயிலின் மணி அடித்தது. கை முழுக்க மிளகாய்த்தூள். கண்ணைத் துடைக்கவும் முடியாமல் அப்படியே அழுதேன். பெரிய வெள்ளி அன்று மும்மணி ஆராதனை என்கிற மூன்று மணி நேர ஆராதனைக்குப் போய், கோயில் கஞ்சி குடித்துவிட்டு வந்த எனக்கு, ஈஸ்டர் விடியலில் கோயிலுக்குள் நிற்கக் கிடைக்கவில்லை. அன்றைக்கு வீணான எல்லாவற்றிலும் இதுதான் பெரியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆகவே மெனு போடும்போது முதலில் ஆராதனை நேரத்தை எழுதுங்கள். அதற்கு முந்தைய ஒரு மணி நேரமும், முடிந்து வீடு திரும்பும் வரையும், அடுப்பில் எதுவும் இருக்கக்கூடாது. அந்த இடைவெளியில் கை வேலை கேட்கிற எந்தப் பண்டமும் மெனுவில் வேண்டாம்.

ஆப்பத்தின் கணக்கை நான் முன்னாலேயே போட்டிருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஒரு ஆப்பம் ஊற்றி, சுழற்றி, மூடி வைத்து எடுக்க இரண்டரை நிமிஷம். 18 இலைக்கு ஆளுக்கு மூன்று என்றால் 54 ஆப்பம். ஒரே சட்டியில் இரண்டே கால் மணி நேரம், இரண்டு சட்டி வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். கடைசி ஆள் சாப்பிடும்போது மணி எட்டே முக்கால். நான் சாப்பிடவே இல்லை. ஒவ்வொன்றாகச் சுட்டு எடுக்கிற எந்தப் பண்டமும், ஆப்பமோ தோசையோ பொரித்த மீனோ சிக்கன் 65-ஓ, பத்துப் பேருக்கு மேல் போனால் சமைப்பவரை அடுப்போடு கட்டிப் போட்டுவிடும். அப்படி ஒன்று வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று இருக்கட்டும். என் மெனுவில் மூன்று இருந்தன.

இனி கறி. ஈஸ்டர் காலையில் புதுசாக வாங்கினால்தான் ருசி என்று நினைத்து, ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினேன். ஊரே அங்கே நின்றது. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, ஏழே முக்காலுக்கு நாலரைக் கிலோ கறியோடு வந்தார். காலைக் கறிக்குழம்பு அத்தோடு போயிற்று, ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் மட்டும்தான். ஒன்பது மணிக்குக் குக்கரில் வைத்தேன். ஏழு விசில் விட்டும் ரப்பர் மாதிரி இழுத்தது. ஆடு கிழடோ என்று கடைக்காரரைக் கோபித்துக்கொண்டோம். காரணம் அதுவல்ல என்று பின்னால்தான் புரிந்தது. அறுத்த சில மணி நேரத்துக்குள் ஆட்டின் தசை விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பு தளர அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகும், அதுவரை கறி குளிரில் இருக்க வேண்டும். அறுத்த சூட்டோடு உடனே அடுப்பில் ஏற்றினாலும், பன்னிரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்த பிறகு சமைத்தாலும் மெத்தென்று வேகும். மூன்று நாலு மணி நேரக் கறிதான் படாதபாடு படுத்தும். கூட்டமாய் நிற்கிற பண்டிகை நாளில் நம் வீட்டு அடுப்புக்கு வருவது பெரும்பாலும் அந்த மூன்று மணி நேரக் கறிதான்.

கறியைச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாங்குங்கள். அன்றைக்குக் கடையில் கூட்டம் இருக்காது, கேட்ட இடத்திலிருந்து வெட்டித் தருவார்கள். இளங்குட்டி என்றால் கறி வெளிர் சிவப்பாகவும், கொழுப்பு வெள்ளையாகவும், நெஞ்செலும்பு மெலிசாகவும் இருக்கும். கறி கருஞ்சிவப்பாகி கொழுப்பு மஞ்சள் ஏறியிருந்தால் வயதான ஆடு. குழம்புக்குத் தொடையும் முன்சப்பையும் கலந்து, எலும்போடு கேளுங்கள். வயதானவர்களுக்குக் கழுத்துக்கறி கொஞ்சம் தனியாக வாங்குவது நல்லது, அது பஞ்சாக வேகும். இலைக்கு 175 கிராம், எலும்போடு சேர்த்து. 18 இலைக்கு மூன்றேகால் கிலோ போதும். கறி முற்றல் என்று சந்தேகம் வந்தால் பப்பாளிக்காய் விழுது கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தடவி, சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வைக்கலாம். ராத்திரி முழுக்க வைத்தால் கறி கூழாகிவிடும்.

பிரியாணிக்கு நான் எடுத்தது சீரகச் சம்பா மூன்றரைக் கிலோ. வாடகைக்கு எடுத்த ஒரே அண்டா, வீட்டுக் கேஸ் அடுப்பு. ஆறு பேருக்குச் செய்யும்போது ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைப்பேன், அதே கணக்கில் மூன்றரைக் கிலோவுக்கும் வைத்தேன். இங்கேதான் பலரும் விழுகிறோம். ஆவியாகிப் போகிற தண்ணீர் பாத்திரத்தின் வாய் அகலத்தையும் அடுப்பில் இருக்கிற நேரத்தையும் பொறுத்தது. அரிசி நாலு மடங்கானால் ஆவி நாலு மடங்காகாது. அதனால் அளவு கூடக் கூடத் தண்ணீர் விகிதம் குறைய வேண்டும். இருபது நிமிஷம் ஊறின சீரகச் சம்பா இரண்டு கிலோவுக்கு, கறி வெந்த தண்ணீரையும் சேர்த்து, ஒன்றுக்கு ஒன்றரை போதும். என் அண்டாவில் அடி பிடித்தது, நடு குழைந்தது, மேலே அரிசி அரிசியாக நின்றது. வீட்டு அடுப்பின் தீ அண்டாவின் நடுவில் ஒரு தட்டு அளவுக்குத்தான் படும், ஓரத்துக்குப் போகாது. வீட்டில்தான் செய்வேன் என்றால் ஒரு பாத்திரத்துக்கு ஒன்றரைக் கிலோ அரிசிக்கு மேல் வேண்டாம். இரண்டு பாத்திரமாகப் பிரித்து, தம் போடும்போது அடியில் தோசைக்கல்லை வையுங்கள். அதற்கு மேல் என்றால் விறகடுப்பும் மாஸ்டரும்தான் சரி, அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

பதினொரு மணிக்குக் கேஸ் தீர்ந்தது. மாற்று சிலிண்டர் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கி மாட்ட முக்கால் மணி நேரம். (சிலிண்டரின் மேல் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கேஸ் இருக்கிற மட்டம் வரை ஈரம் மெதுவாகக் காயும், காலியான பகுதி சட்டென்று காய்ந்துவிடும். முந்தைய வாரமே இதைச் செய்துவிட வேண்டும்.) பாயசம் ஒரு மணிக்குள் களி மாதிரி இறுகிவிட்டது. சேமியா ஆறினாலும் பாலை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு லிட்டர் காய்ச்சின பாலைத் தனியே எடுத்து வைத்து பரிமாறும்போது கலக்க வேண்டும் என்பது அப்போது தெரியாது. பந்தி போட்டது இரண்டேகாலுக்கு. பிள்ளைகள் அதற்குள் சிப்ஸையும் மிக்சரையும் தின்று வயிற்றை நிரப்பிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் வலித்தது வேறு ஒன்று. எதிர்வீட்டில் சைவக் குடும்பம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் வீட்டுப் பலகாரம் வராத வருடமில்லை. அந்த வருடம் அவர்களையும் ஈஸ்டருக்கு அழைத்திருந்தோம். அழைத்தது நினைவில் இருந்தது, அவர்களுக்கு என்ன சமைப்பது என்பது மட்டும் என் காகிதத்தில் இல்லவே இல்லை. ஒரு மணிக்கு அந்த அக்கா பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். வீடு முழுக்க மீன் பொரிக்கிற வாடை. நான் இலையில் வைத்தது வெறுஞ்சோறு, தயிர், அப்பளம், இறுகின பாயசம். "பரவாயில்லம்மா, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றார்கள். முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

ராத்திரி எட்டு மணிக்கு எஞ்சியதைப் பார்த்தேன். பிரியாணி பாதிக்கு மேல். மீன் பாதி. எடுத்து வைக்க மறந்த தேங்காய்ப்பால் நுரைத்துப் போயிருந்தது. செலவு ஒன்பதரை ஆயிரம் ரூபாயைத் தொட்டிருந்தது. கொட்டியது மூவாயிரத்துக்குக் குறையாது. கால் வீங்கிப் போய் அத்தையின் கட்டில் ஓரம் உட்கார்ந்தபோது அவர்கள் சொன்னார்கள்: "எத்தன பண்டம்னு யாரும் எண்ணலம்மா. நீ ஏன் கோயிலுக்கு வரலன்னுதான் எல்லாரும் கேட்டாவ." அப்புறம் மெதுவாக, "நம்ம ஊரு கோயில் அசன விருந்துல என்ன போடுவாவ? சோறு, கறி, ரசம், கத்தரிக்காய். ஆயிரம் பேரு சாப்பிட்டுப் போறாவல்லா?" என்றார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வருட மெனுவைப் போட்டேன். 2023-ல் ஈஸ்டர் ஏப்ரல் 9. காலைக்கு இடியாப்பமும், தேங்காய்ப்பாலில் காய்கறி வேக வைக்கிற சொதியும். மத்தியானத்துக்கு வெள்ளைச் சோறு, கறிக்குழம்பு, அதே கறியிலிருந்து மிளகுக்கறி, ரசம், கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம். சைவக்காரர்களுக்குச் சோற்றோடு அதே சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். மாமாவுக்குச் சனிக்கிழமை வைத்த மீன்குழம்பு, ஒரு கிலோ மீனில். இனிப்பு, டவுனில் வாங்கின அல்வா. எண்ணிப் பார்த்தால் இதுவும் எட்டுக்குக் குறையவில்லை, ஆனால் பாதி முந்தைய நாளே முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை அடுப்போடு என்னைக் கட்டிப் போடுகிற பண்டம் ஒன்றுகூட இல்லை.

சொதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது இடியாப்பத்துக்கும் போகும், சோற்றுக்கும் போகும். நம் பக்கத்துச் சைவக் கல்யாண வீடுகளில் மறுவீட்டுச் சாப்பாடு அது, அதனால் எதிர்வீட்டு அக்கா இலையில் வைக்கும்போது மரியாதையாகவும் இருக்கும். இரண்டு பெரிய தேங்காய்க்கு ஐம்பது கிராம் பாசிப்பருப்பு, முருங்கைக்காய் இரண்டு, கேரட் இரண்டு, உருளைக்கிழங்கு இரண்டு, பீன்ஸ் பத்து, பச்சைப்பட்டாணி ஒரு கை, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பன்னிரண்டு பல், பச்சைமிளகாய் எட்டு, இரண்டு விரற்கடை இஞ்சி, ஒரு எலுமிச்சம்பழம். இந்த அளவைப் போல மூன்று மடங்கு எங்களுக்குச் சரியாக இருந்தது. மிளகாயையும் இஞ்சியையும் அரைத்து, காய்கறியை மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேக வைத்து, வெந்த பருப்பைச் சேர்க்க வேண்டும். முதல் பாலை ஊற்றியதும் ஓரத்தில் நுரை கட்டும். அது கொதியாக மாறுவதற்குள் இறக்கிவிட வேண்டும், விட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகுதான். காலையில் செய்த சொதி மத்தியானம் வரை ஏப்ரல் வெக்கையில் தாங்காது. அதனால் முதல் பால் ஊற்றுவதற்கு முன்னாலேயே மூன்றில் ஒரு பங்கை எடுத்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன், அதற்குரிய முதல் பாலைத் தனியாக வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு அதைச் சுடவைத்துப் பால் ஊற்றினால் புதுச் சொதி. சைவக்காரர்களுக்கு வைக்கிற பாத்திரமும் கரண்டியும் கறியடுப்பின் பக்கமே போகக்கூடாது, அவர்களுக்கு முதல் பந்தியிலேயே பரிமாறிவிட வேண்டும்.

இடியாப்பத்துக்கு 18 இலை, ஆளுக்கு நாலு, 72 உருப்படி. ஒன்றேமுக்கால் கிலோ மாவு. நாலு தட்டுக் கொப்பரையில் ஒரு ஈடுக்குப் பதினாறு, பத்து நிமிஷ ஆவி, ஐந்து ஈட்டில் முடிந்துவிடும். கோயிலிலிருந்து வந்து தண்ணீர் கொதிக்க வைத்தால் போதும். மாவைக் கொதிக்கிற தண்ணீரில் பிசைந்து சூட்டோடு பிழிய வேண்டும், ஆறினால் இடியாப்பம் பிழிகிற உழக்கு நகராது. மதினி பிழிய, கொழுந்தன் தட்டு மாற்ற, முதல் ஈடு வெந்து முடியும்போதே முதல் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

கறியைச் சனிக்கிழமை ஏழு மணிக்கு வாங்கி, கழுவி, வடித்து, உப்பும் மஞ்சளும் தடவி ஃப்ரிட்ஜில் வைத்தேன். ராத்திரி எட்டு மணிக்குச் சமைத்தேன். கிலோவுக்கு மல்லி நாலு மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் பன்னிரண்டு, மிளகு இரண்டு ஸ்பூன், சீரகமும் சோம்பும் ஒவ்வொரு ஸ்பூன், எல்லாம் வறுத்து அரைத்தது. சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு நாற்பது கிராம், இஞ்சி இருபத்தைந்து, தக்காளி இரண்டு. மூன்றேகால் கிலோவுக்கு மல்லியையும் வெங்காயத்தையும் மூன்றேகால் மடங்காகப் போடலாம், வற்றலையும் உப்பையும் இரண்டரை மடங்கோடு நிறுத்திக்கொண்டு கடைசியில் பார்த்துச் சேர்க்க வேண்டும். நடுவில் தண்ணீர் தேவைப்பட்டால் வெந்நீர்தான். கறி முழுசாக வெந்ததும், தேங்காய் சேர்க்காமல், அகலமான இரண்டு பாத்திரத்தில் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆறவைத்தேன். ஆழமான குண்டாவோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரம் குளிர்ந்தாலும் நடு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், கெட்டுப்போவது அங்கிருந்துதான். இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அதை நன்றாகக் கொதிக்க வைத்தேன். ஒரு கிலோ அளவுக்குத் துண்டுகளை அரித்தெடுத்து, நல்லெண்ணெயில் நூறு கிராம் சின்ன வெங்காயம், இரண்டு மேசைக்கரண்டி இடித்த மிளகு, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை போட்டுச் சுருள வதக்கினால் மிளகுக்கறி ஆயிற்று, பதினைந்து நிமிஷ வேலை. மீதிக் குழம்பில் கிலோவுக்கு அரைமூடித் தேங்காய் அரைத்து ஊற்றி, பத்து நிமிஷம் கொதித்ததும் இறக்கினேன். சோற்றுக்கு அரிசி இலைக்கு 125 கிராம், இரண்டேகால் கிலோ. அல்வா முக்கால் கிலோ, ஆளுக்கு ஒரு துண்டு. அதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்து வெள்ளை பூத்துவிடும். பந்தி பன்னிரண்டரைக்கு. செலவு 5,200 ரூபாய்.

அந்த வருடம் குழம்பு மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. தேங்காய் சேர்த்த குழம்பு வெளியே ராத்திரி தாங்காது, அதனால் பந்தி முடிந்த கையோடு கொதிக்க வைத்து, ஆறவைத்து உள்ளே வைத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை அதைச் சின்னத் தீயில் சுண்ட வைத்தோம், எண்ணெய் மேலே மிதந்து, கறி மசாலாவோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஊருக்குக் கிளம்பியவர்கள் தோசையோடு அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.